கற்பனை உலகத்தில் பாலைவன நாடோடிகள்: எங்கிருந்து தொடங்குவது?

கானல்நீர்:
வணக்கம் நண்பர்களே. ஒரு மாய உலகத் தொடர்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பெரும்பகுதி 'ஊழிமணல்' என்ற பாலைவனத்தில் நடக்கிறது. வடக்கே பனிமலை, தெற்கே ஓர் ஆற்றங்கரை அரசு. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக நாற்பது நாள் ஆகும். நடுவில் மூன்று நாடோடி இனங்கள்: ராட்சத உடும்புகள் மேல் சவாரி செய்யும் உடும்பேறிகள், ஒட்டகம் வளர்க்கும் நெடுவழியார், உப்பு வெட்டும் உவர்க்குடியினர்.

வரைபடம் இருக்கிறது, மூன்று இனத்துக்கும் பழம்பகை இருக்கிறது, மந்திர விதிகள்கூட ஓரளவு தயார். ஆனால் இவர்கள் ஏன் ஓரிடத்தில் தங்காமல் அலைகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள், ஆற்றங்கரை அரசோடு என்ன உறவு என்பதெல்லாம் இனிமேல்தான் அமைய வேண்டும். வாளும் முகத்திரையும் கொடுத்தால் மட்டும் ஓர் இனம் உயிரோடு வந்துவிடாது என்று நினைக்கிறேன். எங்கிருந்து தொடங்கலாம்?

மேய்ச்சல்தடம்:
தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். அடுத்தது விலங்கு. இந்த இரண்டும் சரியாக அமைந்தால் பழக்கவழக்கம், சட்டம், பகை, பாட்டு எல்லாம் தானே வந்துவிடும்.

நாடோடி என்றால் கால் போன போக்கில் திரிகிறவர் என்று எழுதிவிடாதீர்கள். சஹாராவின் துவாரெக் மக்களும் அரேபியாவின் பெதூயின்களும் எந்த மாதத்தில் எந்தப் பள்ளத்தாக்கில் புல் இருக்கும், எந்தக் கிணறு யாருடையது என்று தலைமுறை தலைமுறையாகத் தெரிந்துகொண்டு போகிறவர்கள். மழை எங்கே பெய்தது என்ற செய்திதான் அவர்களுக்குப் பெரிய சொத்து. எதிரே வருகிற அந்நியனிடம் நலம் விசாரித்தவுடன் அடுத்த கேள்வி மழையைப் பற்றியும் மேய்ச்சலைப் பற்றியும்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வெயிலில் நடந்தால் மனித உடம்பு மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்வையாக இழக்கும். பகலில் நிழலில் கிடந்து இரவில் நடந்தாலும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 6 லிட்டராவது வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 20 பேர், 8 நாள் தூரத்தில் அடுத்த கிணறு என்றால் 960 லிட்டர். ஓர் ஒட்டகம் நீண்ட பயணத்தில் 150 கிலோ சுமக்கும் என்றால், தோல்பையின் எடை போக 140 லிட்டர் தூக்கும். ஆக, தண்ணீருக்கு மட்டும் ஏழு ஒட்டகம். இந்தக் கணக்குதான் உங்கள் படையின் அளவைத் தீர்மானிக்கும். ஐயாயிரம் குதிரைவீரர்கள் பாலைவனத்தின் குறுக்கே பாய்ந்து வருகிற காட்சி எழுதினால் எனக்கு முதலில் தோன்றுவது, குதிரைக்கு எங்கே தண்ணீர் என்பதுதான்.

செவ்வந்தி:
மேய்ச்சல்தடம் சொல்வதை மதிக்கிறேன், ஆனால் ஒரு மறுப்பு உண்டு. இது மாய உலகம். வாசகர் லிட்டர் கணக்குப் பார்க்க வரவில்லை. எல்லாவற்றையும் சஹாராவிலிருந்து அளந்து எடுத்தால் சஹாராவைப் பற்றிய கட்டுரையே போதுமே, கதை எதற்கு? கானல்நீர், உங்கள் உடும்புகளைக் கைவிட்டுவிடாதீர்கள். எனக்குப் பிடித்ததே அதுதான்.

மேய்ச்சல்தடம்:
செவ்வந்தி, உடும்பைக் கைவிடச் சொல்லவே மாட்டேன். அதை முழுசாக நம்பி எழுதச் சொல்கிறேன். உடும்பு குளிர் ரத்தப் பிராணி. அந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் எவ்வளவு கதை கிடைக்கிறது என்று பாருங்கள்.

முதலில் தீனி. ஊர்வன தம் உடம்புச் சூட்டுக்காக உணவை எரிப்பதில்லை. அதே எடையுள்ள பாலூட்டிக்குத் தேவைப்படுவதில் பத்தில் ஒரு பங்கு தீனி போதும். பாலைவனத்தில் இது பெரிய வரம். ஒட்டகக்காரர்கள் கால் வைக்க முடியாத புல்லற்ற கல்வெளியை உடும்பேறிகள் கடந்துவிடுவார்கள்.

ஆனால் விலையும் உண்டு. உடும்பு பால் தராது. ஒட்டக இனங்களின் சோறும் தண்ணீரும் பால்தான். அரேபியாவின் ருப் அல் காலிப் பாலைவனத்தில் மனிதன் குடிக்க முடியாத உவர்க் கிணற்று நீரை ஒட்டகம் குடித்துப் பாலாக்கித் தருகிறது. அதை நம்பி அல் முர்ரா இனத்தார் கிணறுகளை விட்டு வெகுதூரம் போய் மாதக்கணக்கில் மேய்த்திருக்கிறார்கள். உங்கள் உடும்பேறிகளுக்கு அந்த வசதி கிடையாது. முட்டை கிடைக்கும். தானியத்துக்கு யாரிடமாவது போய்த்தான் ஆக வேண்டும்.

அடுத்தது இரவு. பாலைவனத்தில் மேகமில்லாத இரவு கடுமையாகக் குளிரும். ஒட்டகக்காரர்கள் வெயில் காலத்தில் இரவில்தான் நடப்பார்கள். உடும்போ குளிரில் மந்தமாகிவிடும். காலையில் வெயில் ஏறி உடம்பு சூடான பிறகுதான் ஓடும். பெரிய உடம்பு மெதுவாகத்தான் சூடாகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக ஒரே பாலைவனம், ஒரு இனத்துக்கு இரவு சொந்தம், இன்னொரு இனத்துக்குப் பகல் சொந்தம். நெடுவழியார் தாக்க வேண்டுமென்றால் விடியலுக்குச் சற்று முன் வருவார்கள். அந்த நேரத்தில் உடும்பேறிகள் தரையில் நின்று வெறும் கையோடுதான் போராட வேண்டும்.

இன்னொன்று: வட ஆப்பிரிக்காவிலிருந்து மத்திய ஆசியா வரை வாழும் பாலைவன உடும்பு குளிர்காலத்தில் வளைக்குள் போய் உறங்கிவிடும். உங்கள் உடும்புகளும் அப்படி என்றால் அந்த இனம் குளிர்காலம் முழுக்க ஓரிடத்தில் முடங்கியாக வேண்டும். எங்கே? யார் நிலத்தில்? எந்த ஒப்பந்தத்தில்?

செவ்வந்தி:
சரி, இதைத்தான் நான் எதிர்பார்த்தேன். கணக்கு கதைக்குள் இப்படி இறங்கினால் எனக்கு மறுப்பே இல்லை. விடியலுக்கு முன் தாக்குதல் என்பது மந்திரத்தைவிட நன்றாக இருக்கிறது.

ஓமன்வாசி:
தெற்கு ஓமனில் சில வருடம் சாலை வேலையில் இருந்தேன், ருப் அல் காலியின் ஓரத்தில். கண்ணில் பட்டதைச் சொல்கிறேன், எழுத உதவலாம்.

எல்லோரும் பாலைவனம் என்றால் மணல்மேடு என்று எழுதுகிறார்கள். நான் அதிகம் பார்த்தது சரளைக்கல் வெளிதான். சஹாராவிலும் மணல் கால்பங்கு அளவுதான், மீதி பாறையும் சரளையும் மலையும். மணலில் நடப்பது ஒரு வேதனை, கூர்கல் வெளியில் விலங்கின் பாதம் கிழிவது இன்னொரு வேதனை. எந்தத் தரைக்கு எந்த விலங்கு என்று இனம் பிரிக்கலாம்.

பகல் பன்னிரண்டு மணிக்கு நிறமே இருக்காது, எல்லாம் வெளுத்துப் போய்விடும். தூரம் கணிக்க முடியாது. காலையும் மாலையும் நிழல் விழும்போதுதான் தரையின் மேடுபள்ளம் தெரியும். அங்கே பழகிய பெதூயின் முதியவர்கள் தடம் பார்த்து, போனது யாருடைய ஒட்டகம், சினையா, எத்தனை நாள் ஆயிற்று என்று சொல்வதை நேரில் கேட்டிருக்கிறேன். இன்றைக்கு அவர்களிடம் பிக்கப் வண்டியும் தண்ணீர் லாரியும் இருக்கிறது, ஆனால் அந்தக் கண் போகவில்லை.

உடுப்பு பற்றியும் ஒரு வார்த்தை. வெயிலுக்கு வெள்ளை உடைதான் என்று எழுத வேண்டாம். பெதூயின்கள் கறுப்பு அங்கியும் அணிகிறார்கள். 1980-ல் வெளியான ஓர் ஆய்வில் கறுப்பு அங்கிக்குள்ளும் வெள்ளை அங்கிக்குள்ளும் உடம்புக்கு ஏறுகிற சூடு ஒன்றுதான் என்று அளந்து காட்டினார்கள். கறுப்புத் துணி கூடுதலாக வாங்கும் சூட்டைத் தொளதொளப்பான துணிக்குள் ஓடும் காற்று உடம்பைத் தொடுமுன் கொண்டுபோய்விடுகிறது.

கானல்நீர்:
அண்ணா, தடம் பார்ப்பது அருமை. என் நாயகி அதில் கைதேர்ந்தவளாக இருப்பாள். மேய்ச்சல்தடம் ஐயா, குளிர்கால ஒப்பந்தம் என்று நீங்கள் சொன்னதிலிருந்து கதையின் இரண்டாம் பாகமே மாறிவிடும் போலிருக்கிறது.

உவர்க்குடியினரைப் பற்றி யாராவது சொல்லுங்களேன். உப்பு வெட்டுகிறவர்கள் என்ற அளவில்தான் வைத்திருக்கிறேன்.

பழையதடம்:
உப்பைப் பற்றி அறிய சஹாராவின் மேற்குப் பகுதியே போதும், வேறு பாடம் வேண்டாம். இன்றைய மாலியின் வடபகுதியில் தகாஸா என்றோர் இடம். 1352-ல் இப்னு பதூதா என்ற பயணி அங்கே போனார். வீடுகளும் பள்ளிவாசலும் உப்புக் கட்டிகளால் கட்டப்பட்டு, ஒட்டகத் தோலால் கூரை வேயப்பட்டிருந்ததாக எழுதியிருக்கிறார். மரம் கிடையாது. உப்பு வெட்டியவர்கள் அடிமைகள். அவர்கள் சாப்பிட்டது ஒட்டக இறைச்சியும், வடக்கேயிருந்து வந்த பேரீச்சையும், தெற்கேயிருந்து வந்த சிறுதானியமும். உணவு அனைத்தும் வெளியிலிருந்து வந்தாக வேண்டும். சரக்கு வராவிட்டால் உப்பு மலையின் மேல் உட்கார்ந்து பட்டினி கிடக்க வேண்டியதுதான்.

பின்னாளில் அந்தத் தொழில் தாவுதென்னிக்கு மாறியது. அங்கிருந்து திம்புக்து நகரம் சுமார் 700 கி.மீ. ஒரு உப்புப் பாளம் 30 கிலோவுக்கு மேல், ஓர் ஒட்டகத்துக்கு நான்கு பாளம். கிழக்கே நைஜரில் கெல் எவே துவாரெக்குகள் தெற்கிலிருந்து தானியத்தை ஏற்றிக்கொண்டு தெனெரே பாலைவெளியைக் கடந்து பில்மா என்ற ஊருக்குப் போவார்கள், உப்பும் பேரீச்சையும் ஏற்றி வருவார்கள். வழியில் மேய்ச்சல் இல்லாததால் ஒட்டகத்துக்கு வைக்கோலும் சுமந்து போக வேண்டும். திரும்பி வரும்போது தேவைப்படும் என்று அதில் கொஞ்சத்தை வழியிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போவார்கள். அந்த வைக்கோலை யாரும் தொடமாட்டார்கள் என்ற நம்பிக்கையின் மேல்தான் பயணம் முழுவதும் நிற்கிறது. உங்கள் கதையில் அதை ஒருவன் திருடட்டும். ஒரு கொலைக்கு நிகரான குற்றம் அது.

தெனெரேயில் ஒற்றை வேல மரம் ஒன்று இருந்தது. பக்கத்தில் கிணறு தோண்டியபோது அதன் வேர் முப்பது மீட்டருக்கும் கீழே நீரைத் தொட்டிருந்தது தெரிந்தது. ஒட்டகக் கூட்டங்கள் அதை வெட்டாமல், கிளையை ஒடிக்காமல் காத்தன. 1973-ல் ஒரு லாரி மோதிச் சாய்ந்தது. அத்தனை பரந்த வெளியில் இருந்த ஒரே மரம். அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

எயினன்:
இங்கே யாரும் நம் பாலைத்திணையைத் தொடவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வேனில் வெயிலில் நலம் குன்றித் திரிந்து பாலையாகும் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. அதாவது அது நிரந்தர மணல்வெளி கிடையாது, வறண்ட காலத்தில் நிலம் எடுக்கிற உருவம். அங்கே வாழும் எயினர் வேட்டையாடுவார்கள், வழிப்பறி செய்வார்கள், கொற்றவையை வணங்குவார்கள். எயினர் கொற்றவைக்கு வழிபாடு எடுக்கும் காட்சி அதில் ஒரு காதை முழுக்க வருகிறது. தமிழில் எழுதும்போது துவாரெக்கை மட்டும் பார்ப்பானேன்?

பழையதடம்:
எயினன், அதை மணல் பாலைவனத்துக்கு அப்படியே தூக்கி வைக்க முடியாது. அங்கே ஒட்டகம் வளர்ப்பு இல்லை, கூடாரம் இல்லை, நாற்பது நாள் பயணம் இல்லை. ஆனால் ஒன்று எடுத்துக்கொள்ளலாம். நல்ல காலத்தில் மேய்ப்பன், பஞ்சத்தில் கொள்ளைக்காரன். உலகின் பல மேய்ச்சல் இனங்களில் இது நடந்திருக்கிறது. கொள்ளைக்கார இனம், நல்ல இனம் என்று பிரிக்காமல் ஒரே குடும்பம் மழையைப் பொறுத்து இரண்டாகவும் இருக்கட்டும்.

கொள்ளைக்கும் முறை உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். அந்தக் காலத்துப் பெதூயின்களின் ஒட்டகக் கொள்ளையில் கூடியவரை ஆளைக் கொல்லமாட்டார்கள். கொன்றால் பழிக்குப் பழி தலைமுறைகளுக்கு நீளும், அல்லது உயிர்விலையாக நூறு ஒட்டகம் கொடுக்க வேண்டும். ஒட்டகம் பதின்மூன்று மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும், அடுத்ததற்கு ஏறத்தாழ இரண்டு வருடம் ஆகும். பஞ்சத்தில் மந்தை அழிந்தால் திரும்பப் பெருக்குவதற்கு ஒரு மனுஷனின் வாலிபமே போய்விடும். கொள்ளை அங்கே பிறந்ததற்கு இதுவும் ஒரு காரணம். விருந்தினர் சட்டமும் பக்கத்திலேயே இருக்கிறது. கூடாரத்துக்கு வந்தவன் பகைவனே ஆனாலும் மூன்று நாள் சோறும் காவலும் கொடுக்க வேண்டும். நாளைக்கு அதே நிலையில் நீங்கள் நிற்கலாம்.

செவ்வந்தி:
ஒன்றை நான் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்த இழையில் இதுவரை வந்தவர்கள் எல்லாம் வீரன், வியாபாரி, கொள்ளைக்காரன். பெண்கள் எங்கே?

துவாரெக் சமூகத்தில் கூடாரம் பெண்ணுடையது. கல்யாணத்தின்போது பெண்ணின் தாய்வீடு கொடுப்பது. மணமுறிவு என்றால் கூடாரம் அவளோடு போகும், வெளியேற வேண்டியவன் ஆண்தான். முகத்தை மூடுகிறவர்கள் ஆண்கள், பெண்கள் இல்லை. மூத்தோர் எதிரில் ஆண் வாயைத் திறந்து காட்டுவது மரியாதைக் குறைவு. இம்ஸாத் என்ற ஒற்றைத் தந்தி வாத்தியத்தை வாசிப்பவர்கள் பெண்கள் மட்டும். 2013-ல் யுனெஸ்கோ அதைப் பாரம்பரியக் கலைப் பட்டியலில் சேர்த்தது. அரேபியாவில் ஆட்டுமயிரைத் திரித்துக் கூடாரத் துணி நெய்வது பெண்கள், அதைப் போடுவதும் பிரிப்பதும் பெரும்பாலும் அவர்களே. ஆட்டுமயிர் நனைந்தால் ஊதி இடைவெளி அடைத்துக்கொள்ளும், காய்ந்தால் காற்று நுழையும்.

கானல்நீர், உங்கள் நாயகி தடம் பார்ப்பவள் மட்டுமா? அவளுக்கு அம்மா வழியில் ஒரு கூடாரம் இருந்தால் அவள் யாரையும் வெளியே அனுப்பலாம். அது வாளைவிடப் பெரிய அதிகாரம்.

இன்னொரு பக்கமும் எழுத வேண்டும். அதே துவாரெக் சமூகத்தில் உயர்குடி, அவர்களுக்குக் கப்பம் கட்டும் குடி, கொல்லர் குடி, அடிமைகள் என்று அடுக்கு இருந்தது. பழையதடம் சொன்ன தகாஸாவில் உப்பை வெட்டியது யார் என்று திரும்பப் படியுங்கள். சுதந்திரமான பாலைவன மக்கள் என்று பாடும்போது யாருடைய முதுகில் அந்தச் சுதந்திரம் நின்றது என்று கேட்காமல் எழுதக் கூடாது. உவர்க்குடியினர் விரும்பி உப்பு வெட்டுகிறார்களா?

கானல்நீர்:
இந்தக் கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. அவர்கள் மூன்று தலைமுறைக்கு முன் நெடுவழியாரால் பிடித்துக் கொண்டுவரப்பட்ட ஆற்றங்கரை மக்கள். அவர்கள் பாட்டில் இன்னும் ஆறு வருகிறது. நன்றி தோழி.

சிவகங்கைக்காரன்:
பாலைவனம் நான் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் பக்கத்து ஆடு மேய்க்கும் கீதாரிகளைப் பார்த்து வளர்ந்தவன். குளிர்கால ஒப்பந்தத்துக்கு அது உதவும்.

இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து செம்மறி மந்தையோடு குடும்பம் குடும்பமாகக் கிளம்பி, அறுவடை முடிந்த தஞ்சாவூர்ப் பக்கத்து வயல்களுக்குப் போவார்கள். இரவில் வயலில் கிடை போடுவார்கள். புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு உரம். அதற்கு வயல்காரர் இரவுக்கு இவ்வளவு என்று நெல்லோ பணமோ கொடுப்பார். ஆட்டுக்கு வயலில் மேய்ச்சல், வயலுக்கு எரு. எந்த ஊரில் எந்த வயல் யாருக்கு என்று வருடக்கணக்கான பேச்சு இருக்கும். இளங்குட்டிகளை மூங்கில் கூட்டுக்குள் அடைத்து வைப்பார்கள். மழைக்காலம் வந்தால் சொந்த ஊர்ப் பக்கம் திரும்புவார்கள். ராஜஸ்தானின் ராய்க்காக்களும் மந்தையோடு மத்தியப் பிரதேசம், ஹரியானா வரை போய் இதே மாதிரி வயலில் ஆடு அடைக்கிறார்கள்.

எல்லா இடத்திலும் சுமுகமாக இருக்காது. முளைத்த பயிரில் ஒரு ஆடு வாய் வைத்தால் போதும், சண்டை. களவு போனால் முதல் சந்தேகம் வந்தேறி மேல்தான். அவர்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தைக் கடந்து போவதைப் பார்த்திருக்கிறேன். ஊர்க்காரன் நாடோடி இல்லாமல் இருக்க முடியாது, நாடோடியும் ஊர்க்காரன் இல்லாமல் இருக்க முடியாது, ஆனால் ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கையும் முழுசாக இருக்காது. உங்கள் ஆற்றங்கரை அரசுக்கும் உடும்பேறிகளுக்கும் இந்த உறவு பொருந்தும். உடும்பு எரு தராதோ என்னவோ, வேறு ஏதாவது கொடுக்க வேண்டும்.

மேய்ச்சல்தடம்:
எலி. ஆற்றங்கரையில் தானியக் களஞ்சியம் இருந்தால் எலி இருக்கும். உறங்கப் போகும் முன்னும் உறங்கி எழுந்த பின்னும் உடும்புகள் பசியோடு இருக்கும். வருடத்துக்கு இரண்டு தடவை வயல்களையும் களஞ்சியத்தையும் உடும்புகள் சுத்தம் செய்துவிட்டுப் போகட்டும். பெரிய உடும்புக்கு வளை போதாது என்றால் குட்டி உடும்புகளை உள்ளே விடலாம். பதிலுக்கு, குளிர்காலம் முழுக்கக் கரையோர மண்மேட்டில் வளை தோண்ட உரிமை. ஆனால் அந்த மூன்று மாதமும் வாகனம் இல்லாமல், ஓட முடியாமல், அரசின் கைக்குள் இருப்பார்கள். அரசன் நல்லவன் என்றால் சரி. அவன் மகன்?

எயினன்:
மந்திரம் பற்றி யாரும் பேசவில்லை. கதையில் மழை அழைக்கும் மந்திரவாதி இருந்தால் இந்தக் கணக்கு மொத்தமும் உடைந்துவிடாதா?

மேய்ச்சல்தடம்:
உடையும். நினைத்த இடத்தில் நீர் வரவழைக்க முடியும் என்றால் கிணற்று உரிமை, வழி, பகை எதற்கும் பொருள் இல்லை. அதனால் ஓர் இடத்தில் அழைத்த மழை இன்னோர் இடத்தின் மழையாக இருக்கட்டும். அப்போது மழை அழைப்பவள் தன் மக்களுக்குத் தெய்வம், பக்கத்து இனத்துக்குத் திருடி.

கானல்நீர்:
எடுத்துக்கொண்டேன், அப்படியே. மழை அழைப்பவள் நாயகியின் பாட்டி.

கடைசியாக ஒன்று. நெடுவழியாரும் உடும்பேறிகளும் சமாதானம் பேசும் காட்சி எழுத வேண்டும். தலைவரின் கூடாரத்துக்குள் வைத்திருக்கிறேன், ஆனால் நாற்காலி போட்டுப் பேசுகிற மாதிரி வருகிறது. வேறு எங்கே வைக்கலாம்?

ஓமன்வாசி:
கிணற்றில் வையுங்கள் தம்பி. ஒரு கணக்குச் சொல்கிறேன். நாற்பது மீட்டர் ஆழம், ஒரு தோல்பை 40 லிட்டர், இழுக்க ஓர் ஒட்டகமும் இரண்டு ஆளும். தாகத்தோடு வந்த ஒட்டகம் ஒன்று 100 லிட்டர் குடிக்கும், அதுவும் பத்தே நிமிஷத்தில். நூறு ஒட்டகம் என்றால் 10,000 லிட்டர், 250 தடவை இழுக்க வேண்டும். தடவைக்கு இரண்டு நிமிஷம் வைத்தாலும் எட்டு மணி நேரத்துக்கு மேல். இரண்டு கூட்டமும் ஒரே நாளில் வந்துவிட்டால் ஒருவர் பகல் முழுக்கக் காத்திருக்க வேண்டும். உடும்புகள் பகலில் சுறுசுறுப்பு, ஒட்டகங்கள் இரவில் கிளம்ப வேண்டியவை. யார் முதலில் என்பதில்தான் பேச்சு தொடங்கும். கயிறு அறுந்தால் இரண்டு பக்கமும் சேர்ந்துதான் முடிச்சுப் போட வேண்டும், ஏனென்றால் நாற்பது மீட்டர் கயிறு ஒரு கூட்டத்திடம் மட்டும் இருக்காது.